ஆர்.சி.க்கு 15 ஆண்டு, திரைக்கு எத்தனை ஆண்டு?

புதிதாக ஒரு கார் வாங்கினால் அதன் பதிவுச் சான்று 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்குப் பிறகும் வண்டி நல்ல நிலையில் இருந்தால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். எஞ்சினுக்கு எத்தனை கிலோமீட்டர் வாரன்ட்டி, பேட்டரிக்கு எத்தனை ஆண்டு, துரு பிடிக்காமல் இருப்பதற்கு எத்தனை ஆண்டு என்பதெல்லாம் அச்சடித்த தாளாகவே ஷோரூமில் கிடைக்கும். டேஷ்போர்டின் நடுவில் இருக்கும் தொடுதிரைக்குள் ஓடுகிற மென்பொருளுக்கு எத்தனை ஆண்டு வரை பாதுகாப்புத் திருத்தம் வரும் என்று கேட்டுப் பாருங்கள். விற்பனையாளர் மேலாளரைப் பார்ப்பார். மேலாளர் தலைமை அலுவலகத்தைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்வார். வாங்குகிறவர்களில் இதைக் கேட்பவர்களும் மிகக் குறைவு.

இதைக் கீழ்பென்னாத்தூரில் இருந்து பார்த்தால்தான் சிக்கல் முழுதாகத் தெரியும். திண்டிவனத்தில் இருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிற ஊர் இது. பௌர்ணமி கிரிவலத்துக்கும் கார்த்திகை தீபத்துக்கும் சென்னைப் பக்கமிருந்து வருகிற கார்கள் இந்த ஊரைத் தாண்டித்தான் போகின்றன. உள்ளூரிலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஷோரூமில் புது வண்டி எடுத்தவர்கள் அல்ல. சென்னையிலோ வேலூரிலோ சில ஆண்டுகள் ஓடிய வண்டியை வாங்கிவந்து பெயர் மாற்றிக்கொண்டவர்கள் பலர். மஞ்சள் போர்டு மாட்டி வாடகைக்கு ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். வண்டி பழசாக இருந்தாலும் பாட்டுப் பெட்டி புதிதாக இருக்க வேண்டும் என்று டச் ஸ்கிரீன் செட் மாற்றிப் போட்டவர்களும் உண்டு. கம்பெனி சர்வீஸ் வேண்டுமென்றால் சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற திருவண்ணாமலைக்குப் போக வேண்டும். சில கம்பெனிகளுக்கு அதைவிடத் தூரம்.

அந்தத் திரை வெறும் பாட்டுப் பெட்டியாக இருந்த காலம் போய்விட்டது. 2019-ல் ஹூண்டாய் வென்யூ, எம்.ஜி. ஹெக்டர் ஆகிய கார்கள் இணைய இணைப்போடு இந்தியச் சந்தைக்கு வந்தன. உள்ளேயே சிம், செல்போனில் இருந்து கதவைப் பூட்டும் வசதி, வண்டி எங்கே நிற்கிறது என்று வரைபடத்தில் காட்டும் செயலி என்று அவை கொண்டுவந்த வசதிகள் இப்போது நடுத்தர விலைக் கார்களிலும் சாதாரணம். ப்ளூடூத், வைஃபை, யு.எஸ்.பி., ஜி.பி.எஸ்., மைக் எல்லாம் அந்தத் திரையோடு சேர்ந்தவை. ஓட்டுநரின் போனில் இருக்கிற தொடர்பு எண்கள், அழைப்புப் பட்டியல், வீட்டு முகவரி, நேற்று போன இடம் ஆகியவையும் அதற்குள் தங்கியிருக்கும்.

இன்னொரு பக்கம் எஞ்சின், பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக் ஆகியவற்றைக் கவனிக்கிற சிறு கணினிகள் இருக்கின்றன. இவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கம்பி வழிக்கு கேன் பஸ் என்று பெயர். திரையும் இந்த வழியைக் கொஞ்சம் தொட்டாக வேண்டும்; இல்லையென்றால் ரிவர்ஸ் கியர் போட்டதும் கேமரா படம் வராது, ஏ.சி.யைத் திரையில் கூட்டிக் குறைக்க முடியாது. வெளியாள் வந்து உட்காரும் திண்ணை அந்தத் திரை என்றால், எஞ்சினும் பிரேக்கும் உள்ளறை. இரண்டுக்கும் நடுவே உள்ள கதவு எவ்வளவு உறுதியானது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

அந்தக் கதவு எப்படித் திறந்தது என்பதை 2015 ஜூலையில் உலகம் பார்த்தது. சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு ஜீப் செரோக்கி காரை எடுத்துக்கொண்டார்கள். செயின்ட் லூயிஸ் நகரத்து நெடுஞ்சாலையில் வயர்டு இதழின் செய்தியாளர் ஆண்டி கிரீன்பெர்க் அதை மணிக்கு 112 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆய்வாளர்கள் இருவரும் பல கிலோமீட்டர் தள்ளி ஒரு வீட்டில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார்கள். முதலில் ஏ.சி. தானாக முழு வேகத்தில் ஓடியது. ரேடியோ அலறியது; குமிழைத் திருகியும் அடங்கவில்லை. வைப்பர் ஓடி, கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சியது. கடைசியில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் வண்டி வேகம் எடுக்கவில்லை. பின்னால் லாரிகள் வந்துகொண்டிருக்க, ஒதுங்க இடமில்லாத சாலையில் கார் மெல்ல மெல்ல வேகம் இழந்தது.

அவர்கள் உள்ளே போன வழி யுகனெக்ட் என்ற அந்தக் காரின் தொடுதிரை அமைப்புதான். அதன் செல்போன் இணைப்பில் ஒரு வாசல் பூட்டாமல் கிடந்தது. அதே செல்போன் நிறுவனத்தின் வலையமைப்பில் இருக்கிற எவரும் அதைத் தட்ட முடிந்தது. திரைக்கும் கேன் பஸ்ஸுக்கும் இடையில் ஒரு சிப் இருந்தது. கம்பி வழியில் போகும் தகவலைக் கேட்க மட்டுமே அதற்கு அனுமதி. பேச அனுமதி இல்லை. பாதுகாப்பான ஏற்பாடு போலத்தான் தெரியும். ஆனால் அந்தச் சிப்பில் ஓடும் மென்பொருளை மாற்றி எழுதும்போது, எழுதுவது நிறுவனம்தானா என்று சரிபார்க்கும் ஏற்பாடு இல்லை. ஆய்வாளர்கள் தாங்கள் எழுதிய மென்பொருளை அதில் ஏற்றினார்கள். கேட்க மட்டும் தெரிந்த சிப் அதன் பிறகு பேசவும் தொடங்கிவிட்டது.

ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. செல்போன் நிறுவனம் தன் பக்கம் அந்த வாசலை அடைத்தது. கார்களுக்குள் இருந்த ஓட்டையை அடைப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. காற்றுவழியே அப்டேட் அனுப்பும் வசதி அந்தக் கார்களில் இல்லாததால், திருத்தம் பதிந்த பென் டிரைவ்களை உரிமையாளர்களின் முகவரிக்குத் தபாலில் அனுப்ப வேண்டியிருந்தது. தபாலில் வந்த பென் டிரைவைக் காரில் செருகலாம் என்று மக்களைப் பழக்குவதே ஆபத்து என்று பாதுகாப்பு வல்லுநர்கள் அப்போதே கண்டித்தார்கள். அது நியாயமான கண்டனம். நாளைக்கு ஒரு மோசடிக்காரரும் அதே போன்ற உறையில் ஒரு பென் டிரைவ் அனுப்பலாம் அல்லவா?

பத்து ஆண்டுகளாக இந்தத் துறையில் வந்த செய்திகளைத் தொடர்ந்து பார்த்தால் ஒன்று புலப்படும். ஓட்டையைக் கண்டுபிடிக்க ஆட்கள் இருக்கிறார்கள். திருத்தம் எழுதவும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தத் திருத்தம் கடைசி வண்டி வரை போய்ச் சேர்வதற்குத்தான் யாரும் பொறுப்பேற்பதில்லை.

2024-ல் கியா கார்களில் தெரியவந்த ஓட்டை இதற்கு நேர்மாறான உதாரணம். அமெரிக்காவில் ஓடும் கியா கார்களின் நம்பர் பிளேட் எண் மட்டும் தெரிந்தால் போதும், கார் எங்கே நிற்கிறது என்று பார்க்கவும், கதவைத் திறக்கவும், எஞ்சினை ஸ்டார்ட் செய்யவும் முடியும் என்று சாம் கரி உள்ளிட்ட ஆய்வாளர்கள் காட்டினார்கள். உரிமையாளரின் பெயரும் போன் எண்ணும்கூடக் கிடைத்தன. ஜூன் மாதம் தகவல் போனது, ஆகஸ்டில் சரிசெய்யப்பட்டது, செப்டம்பரில் வெளியே சொன்னார்கள். ஒரு காரைக்கூடத் தொட வேண்டியிருக்கவில்லை. ஓட்டை நிறுவனத்தின் சர்வரில் இருந்தது. அங்கே அடைத்ததும் லட்சக்கணக்கான கார்களுக்கும் ஒரே நேரத்தில் பாதுகாப்பு கிடைத்துவிட்டது.

ஓட்டை காருக்குள்ளேயே இருந்தால் கதை வேறு. பெர்ஃபெக்ட்ப்ளூ என்று பெயரிடப்பட்ட ப்ளூடூத் குறைபாடுகள் 2025 ஜூலையில் வெளியே வந்தன. மெர்சிடிஸ், ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா கார்களின் திரைகளில் அவை இருந்தன. ப்ளூடூத் மென்பொருளை எழுதிய நிறுவனம் 2024 செப்டம்பரிலேயே திருத்தத்தைக் கொடுத்துவிட்டது. ஆனால் அது அங்கிருந்து திரை செய்யும் நிறுவனத்துக்குப் போக வேண்டும், அங்கிருந்து கார் நிறுவனத்துக்கு, பிறகு டீலருக்கு, கடைசியாக வண்டிக்கு. அடுத்த ஆண்டு ஜூன் வரையிலும்கூட அந்தச் சங்கிலி முழுதாக நகர்ந்திருக்கவில்லை. ஜெர்மனியிலேயே இந்த நிலை என்றால், மூன்றாவது கைக்கு மாறிக் கீழ்பென்னாத்தூரில் ஓடும் ஒரு பழைய காருக்கு அந்தத் திருத்தம் எப்போது வந்து சேரும்?

தமிழ்நாட்டுக்கு மிக நெருக்கமான கார் நிறுவனம் ஹூண்டாய். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் செய்து வருகிறது. அந்த நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டு அயோனிக் காரை வாங்கிய ஓர் அமெரிக்க மென்பொருளாளர், தன் காரின் திரைக்குள் என்ன இருக்கிறது என்று 2022-ல் கிளறிப் பார்த்தார். அப்டேட் கோப்புகளைப் பூட்டி வைத்திருந்த ரகசியச் சாவியைக் கூகுளில் தேடினார். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தின் பொது ஆவணத்தில் உதாரணத்துக்காக அச்சிட்டிருந்த அதே சாவி. இந்த அப்டேட் எங்களுடையதுதான் என்று கையெழுத்திடப் பயன்பட்ட இன்னொரு சாவி, இணையப் பாடம் ஒன்றில் இருந்து எடுக்கப்பட்டிருந்தது. அவர் கெட்ட நோக்கம் உள்ளவர் அல்ல. தான் எழுதிய சிறு செயலியைத் தன் காரிலேயே ஓட்டிப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் பூட்டு வலுவாக இருந்தும் சாவியை வாசல்படியிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பதை ஒரு சாதாரண உரிமையாளர் எப்படித் தெரிந்துகொள்வார்? தெரிந்துகொள்ள வழியே இல்லை. ஆகவே இதில் கவனமாக இருங்கள் என்று வாங்குகிறவருக்கு மட்டும் புத்தி சொல்வது போதாது.

கெட்டவர் எவரும் இல்லாமலேயே திரை செத்துப்போவதும் உண்டு. 2022 ஜனவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் கே.யு.ஓ.டபிள்யூ என்ற பொது வானொலி நிலையத்தைக் கேட்டுக்கொண்டிருந்த மாஸ்டா கார்களில் திரைகள் ஒவ்வொன்றாக உறைந்தன. 2014 முதல் 2017 வரை தயாரான கார்கள் அவை. வானொலி ஒலியோடு சேர்த்து அனுப்பிய படக் கோப்புகளின் பெயரில் நீட்டிப்பு விடுபட்டிருந்தது. பெயருக்குப் பின்னால் வரும் மூன்று எழுத்துகள் இல்லாத கோப்பைப் பார்த்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் அந்த மென்பொருள் மீண்டும் மீண்டும் அணைந்து எழுந்தது. ரேடியோ அலைவரிசையை மாற்றவும் முடியவில்லை, வரைபடமும் ரிவர்ஸ் கேமராவும் போய்விட்டன. மாற்ற வேண்டிய பாகத்துக்கு 1,500 டாலர் ஆகும் என்று டீலர்கள் சொன்னார்கள். பாகமும் அப்போது எளிதில் கிடைக்கவில்லை. பிறகு நிறுவனமே செலவை ஏற்றுக்கொண்டது. வெளியில் இருந்து வரும் எந்தத் தகவலையும் சோதித்துப் பார்க்காமல் விழுங்கும் மென்பொருள், ஒருவர் தீங்கு நினைத்தாலும் நினைக்காவிட்டாலும் இப்படித்தான் ஆகும்.

இந்தியாவில் மென்பொருளுக்காக வண்டியைத் திரும்ப அழைத்த உதாரணங்கள் இருக்கின்றன. பெரிய குடும்பத்தோடு திருவண்ணாமலைக்கு வர ஏற்ற வண்டி என்று பலரும் வாங்குகிற கியா கேரன்ஸ் 2022 அக்டோபரில் திரும்ப அழைக்கப்பட்டது. ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் மென்பொருளைச் சோதிக்க 44,174 வண்டிகள். மறு ஆண்டு ஜூனில், ஸ்பீடோமீட்டர் இருக்கும் முன் திரை திடீரென்று வெறுமையாகக்கூடும் என்பதால் மேலும் 30,297 வண்டிகள். இரண்டுக்கும் தீர்வு இலவச அப்டேட்தான். நிறுவனம் தானாகவே அறிவித்தது. அது பாராட்ட வேண்டிய செயல்.

ஆனால் அந்த அறிவிப்பு யாருக்குப் போகிறது? நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கும் போன் எண்ணுக்கு. வண்டி கைமாறி, புதிய உரிமையாளர் கம்பெனி சர்வீஸுக்குப் போகாமல் உள்ளூர்ப் பட்டறையில் ஆயில் மாற்றிக்கொண்டிருந்தால், குறுஞ்செய்தி முதல் உரிமையாளருக்கே போகும். அவர் வண்டியை விற்று வருடக்கணக்கில் ஆகியிருக்கும். வாகன் இணையதளத்தில் ஒவ்வொரு பெயர் மாற்றமும் அரசிடம் பதிவாகிறது. திரும்ப அழைக்கும் அறிவிப்பு அந்தப் பதிவில் உள்ள எண்ணுக்கும் போக வேண்டும் என்று போக்குவரத்துத் துறை சொன்னால், இந்த ஒரு இடைவெளி அன்றே அடைபடும்.

அப்படியே தகவல் வந்தாலும் ஓட்டுநரின் நாள் கணக்கு இருக்கிறது. பழைய திரைகளில் அப்டேட் போடுவது இப்படித்தான் நடக்கும்: நிறுவனத்தின் இணையதளத்தில் வண்டி மாடலைத் தேடி, சில ஜி.பி. அளவுள்ள கோப்பை இறக்க வேண்டும். பென் டிரைவை முழுக்க அழித்து, கார் படிக்கும் விதத்தில் ஃபார்மேட் செய்து, கோப்பை எந்த ஃபோல்டருக்குள்ளும் வைக்காமல் நேராகப் போட வேண்டும். வண்டியில் செருகி, எஞ்சினை அணைக்காமல் அரை மணி நேரமோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டும். நடுவில் யாராவது சாவியைத் திருப்பிவிட்டால் திரை உயிர் இழந்துவிடும் என்ற பயம் வேறு. இதைத் தானே செய்யத் தெரியாதவர் திருவண்ணாமலை வரை போக வேண்டும். போய்வர டீசல், அங்கே காத்திருக்க அரை நாள். முகூர்த்த நாளிலும் பௌர்ணமியிலும் மட்டுமே நல்ல வாடகை பார்க்கிற ஒருவர், ஓடிக்கொண்டிருக்கும் திரைக்காக அந்த அரை நாளைக் கொடுக்கத் தயங்குவது சோம்பேறித்தனம் அல்ல.

ஓடுவதைத் தொடாதே என்று மெக்கானிக் சொல்வதிலும் அனுபவம் இருக்கிறது. 2023 நவம்பரில் அமெரிக்காவின் ரிவியன் நிறுவனம் காற்றுவழியே அனுப்பிய ஓர் அப்டேட்டில் தவறான பாதுகாப்புச் சான்றிதழ் சேர்ந்துவிட, கொஞ்சம் வண்டிகளின் திரைகள் கறுத்துப்போயின. வண்டி ஓடியது, வேகமும் சார்ஜும் தெரியவில்லை. ஆனால் அந்த அப்டேட் முதலில் சிறு பகுதி வண்டிகளுக்கு மட்டுமே போயிருந்ததால் நிறுவனத்தால் உடனே நிறுத்த முடிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புவது, தவறினால் பழைய பதிப்புக்குத் தானாகத் திரும்புவது ஆகிய இரண்டும் இருந்தால் பயத்துக்குக் காரணம் குறையும். அப்டேட்டையே தவிர்த்துவிடுவது, தெரிந்த ஓட்டையோடு ஆண்டுக்கணக்கில் ஓடுவதற்குச் சமம்.

அப்டேட்டே வராத வகை ஒன்று இருக்கிறது. அதுதான் இந்தப் பகுதியில் கவலைக்குரியது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் தொடங்கிச் சின்ன ஊர்களின் கார் டெகர் கடைகள் வரை கிடைக்கும் மலிவு விலை ஆண்ட்ராய்டு செட்டுகள். பெட்டியில் புதிய ஆண்ட்ராய்டு பதிப்பின் எண் அச்சாகியிருக்கும், உள்ளே பழையது ஓடும். செய்தது யார் என்று பெயர் இருக்காது. இருந்தாலும் அடுத்த ஆண்டு அந்தப் பெயர் சந்தையில் இருக்காது.

2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பேட்பாக்ஸ் 2.0 என்ற தீநிரல் வலையைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. மலிவு டி.வி. பெட்டிகள், புரொஜெக்டர்கள், டிஜிட்டல் போட்டோ ஃபிரேம்களோடு, வெளியில் வாங்கிக் காரில் மாட்டும் திரைகளையும் அந்த எச்சரிக்கை பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. இவற்றில் சில தொழிற்சாலையில் இருந்து வரும்போதே தீநிரலோடு வருகின்றன. சில, முதல்முறை அமைக்கும்போது இறக்கும் செயலியோடு அதை வாங்கிக்கொள்கின்றன. இப்படிப்பட்ட திரைக்குப் போனின் ஹாட்ஸ்பாட்டைக் கொடுத்தால், எங்கோ இருக்கும் குற்றவாளி தன் வேலையை இந்த இணைப்பு வழியாகச் செய்வார். போலீஸ் தேடிப்போனால் கிடைப்பது காரின் சொந்தக்காரர் முகவரி. அதே ஆண்டு ஜூலையில் கூகுள் தொடர்ந்த வழக்கில், பாதிக்கப்பட்ட கருவிகள் ஒரு கோடிக்கும் மேல் என்று சொல்லப்பட்டது.

செட் வாங்கும்போதே கடையில் ஒரு சோதனை செய்யலாம். பிளே ஸ்டோரைத் திறந்து, செட்டிங்ஸில் அபவுட் பகுதிக்குப் போனால், பிளே புரொடெக்ட் சான்று பெற்ற கருவியா இல்லையா என்று அதுவே சொல்லிவிடும். சான்று இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். பிளே புரொடெக்டை அணைத்துவிட்டு வேறெங்கிருந்தோ செயலி இறக்குங்கள் என்று கடைக்காரர் சொன்னால் அந்த செட்டை வாங்கவே வேண்டாம். வரைபடமும் பாட்டும் மட்டும் தேவை என்றால், போனை அப்படியே திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்பிளே வசதி உள்ள எளிய செட் மேல். வேலை நடப்பது போனில், போனுக்கு அப்டேட் வருகிறது.

பெரிய பெயர் உள்ள செட்டிலும் எல்லாம் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியவில்லை. டோக்கியோவில் 2024 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் கார் மென்பொருளின் ஓட்டைகளைக் கண்டுபிடிப்போருக்குப் பரிசு தரும் பன்டூஓன் போட்டி நடக்கிறது. முதல் ஆண்டிலேயே இதுவரை வெளித்தெரியாத 49 ஓட்டைகளைக் காட்டி 13 லட்சம் டாலருக்கு மேல் பரிசு வாங்கினார்கள். சோனி, பயனியர், ஆல்பைன் செட்டுகளும் அங்கே திறக்கப்பட்டன. அதில் ஒரு குறைபாட்டை ஆராய்ந்த ஆல்பைன், திருத்தம் வெளியிடப்போவதில்லை, இப்போதுள்ள மென்பொருளையே தொடர்வோம் என்று தெரிவித்துவிட்டது. 

பழைய கார் வாங்குகிறவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய விஷயம் இன்னொன்று. ஐ.பி.எம். நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வாளர் சார்லஸ் ஹென்டர்சன், தான் விற்றுச் சில ஆண்டுகள் ஆன காரைத் தன் போன் செயலி வழியாக இன்னமும் பார்க்கவும் திறக்கவும் முடிகிறது என்று 2017-ல் சொன்னார். விற்கும்போது காரில் இருந்ததையெல்லாம் அவர் அழித்துத்தான் கொடுத்தார். சர்வரில் இருந்த இணைப்பை யாரும் துண்டிக்கவில்லை. புதிய உரிமையாளருக்கு இது தெரியவே தெரியாது. நம் ஊரிலும் இணைய வசதியுள்ள கார்களின் முதல் தலைமுறை இப்போது இரண்டாம் கைக்கு வந்துகொண்டிருக்கிறது. பெண் பிள்ளைகள் ஓட்டும் வண்டி எங்கே நிற்கிறது என்று முன்பின் தெரியாத ஒருவர் போனில் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பது சின்ன விஷயம் அல்ல.

வாடகை வண்டியில் இது தலைகீழ். தீபத்துக்கு வரும் குடும்பம் வழியில் பாட்டுக் கேட்கத் தங்கள் போனை ஓட்டுநரின் காரோடு இணைக்கிறது. தொடர்பு எண்களை எடுத்துக்கொள்ளட்டுமா என்று போன் கேட்கும்போது யோசிக்காமல் சரி என்று தட்டிவிடுகிறார்கள். அடுத்த சவாரியில் வேறு ஒருவர் திரையைத் தொட்டால் அந்தப் பட்டியல் கண்ணில் படலாம். ஓட்டுநருக்கும் அது தேவையில்லாத தலைவலிதான். வேண்டாம் என்று தட்டினாலும் பாட்டு பாடும்.

ஐரோப்பாவில் சட்டம் என்ன செய்ய முடியும் என்பதைக் காட்டிவிட்டார்கள். ஐ.நா.வின் வாகன விதி மன்றம் 2020-ல் இரண்டு விதிகளை ஏற்றது. ஆர்.155 கார் நிறுவனத்தின் சைபர் பாதுகாப்பு ஏற்பாட்டைப் பற்றியது, ஆர்.156 மென்பொருள் அப்டேட் பற்றியது. 2024 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் ஒவ்வொரு புதிய காருக்கும் அவை கட்டாயம். அந்த விதிக்கு ஏற்ப மாற்றச் செலவு கட்டுப்படியாகாது என்பதால் போர்ஷே நிறுவனம் தன் பெட்ரோல் மக்கான் காரை அங்கே விற்பதையே நிறுத்தியது. நன்றாக விற்றுக்கொண்டிருந்த கார் அது. விதி தாளில் மட்டும் இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

இதே விதிகளை ஒட்டி ஏ.ஐ.எஸ். 189, ஏ.ஐ.எஸ். 190 என்ற இரண்டு தரநிலைகளை இந்தியா வகுத்திருக்கிறது. அவை தாமதம் இல்லாமல் கட்டாயமாக வேண்டும். அப்படி வந்தாலும் அவை புதிய கார்களுக்கானவை. ஏற்கெனவே சாலையில் ஓடும் வண்டிக்கும், வெளியில் வாங்கி மாட்டும் செட்டுக்கும் அவற்றால் பெரிய பயன் இருக்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, ஓட்டுநருக்கோ பயணிக்கோ சாலையில் செல்பவருக்கோ தீங்கு தரக்கூடிய குறை இருந்தால் வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொல்ல அரசுக்கு அதிகாரம் தருகிறது. தொலைவில் இருந்து எஞ்சினை நிறுத்தக்கூடிய ஓட்டை அந்த வரையறைக்குள் வராது என்று யாரும் வாதாட முடியாது. அதிகாரம் இருக்கிறது, திரையைக் காரின் பாகமாகப் பார்க்கும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டியது ஒரு தேதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு செல்போன் மாடலின் விற்பனை முடிந்த பிறகும் ஐந்து ஆண்டுகளுக்கு அப்டேட் தர வேண்டும். சாம்சங்கும் கூகுளும் தங்கள் விலை உயர்ந்த போன்களுக்கு ஏழு ஆண்டு வாக்குறுதி தருகின்றன. மூன்று நான்கு ஆண்டில் மாற்றும் போனுக்கே இப்படி என்றால், 15 ஆண்டு ஓட்ட அரசு அனுமதி கொடுத்து, அதற்கான சாலை வரியையும் மொத்தமாக வாங்கிக்கொள்கிற காருக்கு அந்தத் தேதி ஏன் இல்லை? பாதுகாப்புத் திருத்தம் எந்த ஆண்டு, எந்த மாதம் வரை வரும் என்பது ஷோரூம் பில்லிலேயே அச்சாக வேண்டும். அது 15 ஆண்டுக்குக் குறைவாக இருந்தால், தேதி முடிந்த பிறகு காரின் இணைய இணைப்பை மட்டும் துண்டித்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் வழக்கம்போலப் பயன்படுத்த வழி இருக்க வேண்டும். பாட்டும் ரிவர்ஸ் கேமராவும் ஓடுவதற்கு சிம் தேவையில்லை.

நிறுவனங்களுக்கும் இதில் செய்ய வேண்டியது இருக்கிறது, அது கடினமும் அல்ல. மழைக்கு முன் இலவசப் பரிசோதனை முகாம், ஏ.சி. முகாம் என்று சின்ன ஊர்களுக்கும் வந்து பந்தல் போடுகிற டீலர்கள், ஒரு மடிக்கணினியையும் சில பென் டிரைவ்களையும் கூடவே கொண்டுவந்தால் அப்டேட்டும் அங்கேயே முடிந்துவிடும். ஓட்டுநர் அரை நாளை இழக்க வேண்டியதில்லை. வண்டி இரண்டாம் கைக்கு மாறியது என்பதற்காக இதற்குக் காசு கேட்கக் கூடாது.

அரசு செய்யக்கூடியதில் மிகச் சின்னது இது. பழைய கார் கைமாறும்போது 29-ஆம் எண் படிவத்திலும் 30-ஆம் எண் படிவத்திலும் விற்பவரும் வாங்குபவரும் கையெழுத்துப் போடுகிறார்கள். கடன் பாக்கி, இன்சூரன்ஸ், வரி எல்லாம் அப்போது பார்க்கப்படுகின்றன. காரின் திரை ஃபேக்டரி ரீசெட் செய்யப்பட்டது, விற்பவரின் செயலிக் கணக்கில் இருந்து வண்டி நீக்கப்பட்டது, நிலுவையில் திரும்ப அழைப்பு எதுவும் இல்லை என்ற உறுதிமொழி வரி ஒன்றை அதோடு சேர்க்கலாம். கீழ்பென்னாத்தூர்க்காரர் வண்டிப் பெயர் மாற்றத்துக்கு எப்படியும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தை நாடத்தான் வேண்டும். இந்த வரிக்காக அவர் கூடுதலாக ஒருமுறை அலைய வேண்டியிருக்காது.